பதினோராம் எண் கூண்டு: புயலின் பாதையும் எச்சரிக்கையின் பாதையும்

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை. நள்ளிரவு 12.30 மணிக்கும் 2.30 மணிக்கும் இடையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. இந்திய வானிலை ஆய்வுத் துறை பின்னர் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அப்போது காற்றின் வேகம் மணிக்கு 130 கிலோமீட்டர். இடையிடையே அது 145 வரை சென்றது. புயல் வரும் என்பது ஐந்து நாட்களுக்கு முன்பே தெரியும். எந்த மாவட்டங்களைத் தாக்கும் என்பது மூன்று நாட்களுக்கு முன்பே ஏறக்குறைய தெரிந்துவிட்டது. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர்.

புயல் கடந்த இரண்டாவது வாரம், நிவாரண மனுக்களை எழுதித் தரச் சென்ற வழக்கறிஞர்களில் ஒருவனாக வேதாரண்யம் வட்டாரத்தின் சேரி ஒன்றில் இருந்தேன். கூரையில்லாத மண்சுவருக்கு முன்னால் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், மனுவில் கைநாட்டு வைத்துவிட்டுச் சொன்னார்: “புயல் வருதுன்னு எல்லாருந்தான் சொன்னாங்க தம்பி. எங்க போயி இருக்கணும்னு ஒருத்தரும் சொல்லலியே.”

இந்தக் கட்டுரை அந்த இரண்டு வாக்கியங்களுக்கு இடையிலுள்ள தூரத்தைப் பற்றியது. புயலின் பாதையையும் வலிமையையும் அறிவியல் எவ்வாறு கண்டறிகிறது என்பதை முதலில் பார்ப்போம். அவ்வாறு கண்டறிந்த செய்தி எந்தப் பாதையில் பயணித்து, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதை அடுத்துப் பார்ப்போம். முதலாவதைப் புரிந்துகொள்ளாமல் இரண்டாவதைக் கேள்வி கேட்க இயலாது. “இயற்கைச் சீற்றத்துக்கு யார் என்ன செய்ய முடியும்?” என்று அதிகாரிகள் கைவிரிக்கும்போது, என்ன தெரிந்திருந்தது, எப்போது தெரிந்திருந்தது என்று எடுத்துச் சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வலிமையை அளக்கும் முறை

கடலின் மேற்பரப்பு வெப்பம் ஏறத்தாழ 26.5 டிகிரி செல்சியசுக்கு மேல் இருக்கும்போது, ஈரக்காற்று மேலெழுந்து மேகமாகிறது. அப்போது வெளிப்படும் வெப்பம் மேலும் காற்றை உறிஞ்சி மேலே ஏற்றுகிறது. கீழே அழுத்தம் குறைகிறது. சுற்றியுள்ள காற்று அந்தப் பள்ளத்தை நோக்கி ஓடிவருகிறது. பூமி சுழல்வதால் அந்தக் காற்று நேராக உள்ளே வராமல், நம் வட அரைக்கோளத்தில் இடஞ்சுழியாகச் சுற்றத் தொடங்குகிறது. இதுவே புயலின் அடிப்படை.

இந்தச் சுழற்சிக்கு வானிலைத் துறை காற்றின் வேகத்தை வைத்துப் பெயரிடுகிறது. மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வரை காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 62 ஐத் தொட்டால் புயல். அப்போதுதான் அதற்குப் பெயர் சூட்டப்படுகிறது. 89 இல் தீவிரப் புயல், 118 இல் அதிதீவிரப் புயல் என்று ஏறி, 222 ஐக் கடந்தால் சூப்பர் புயல். வங்கக்கடல், அரபிக்கடல் புயல்களைக் கண்காணித்துப் பெயரிடும் பொறுப்பு புதுடெல்லியிலுள்ள மண்டலச் சிறப்பு வானிலை மையத்துடையது. பெயர்களை இப்பகுதியைச் சேர்ந்த 13 நாடுகள் அளிக்கின்றன. ‘கஜா’ இலங்கை அளித்த பெயர்.

நடுக்கடலில் சுழலும் காற்றின் வேகத்தை யார் போய் அளந்தது? அமெரிக்காவில் இதற்கென விமானங்கள் உண்டு. அவை புயலின் கண்ணுக்குள்ளேயே பறந்து, அளவைக் கருவிகளைக் கீழே வீசுகின்றன. இந்தியாவில் அப்படியொரு வழக்கமான விமான ஆய்வு இல்லை. கடலில் மிதக்கும் தரவு மிதவைகளும் கப்பல்களும் தரும் அளவுகள் புயலுக்கு அருகில் இருந்தால் மட்டுமே பயன்படும். ஆகவே நமக்கு முதன்மையான கண், 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் இன்சாட் செயற்கைக்கோள்.

செயற்கைக்கோள் காற்றை அளப்பதில்லை. மேகத்தைப் படம் பிடிக்கிறது. இரவில் அகச்சிவப்புக் கதிர்களின் உதவியால் மேக உச்சியின் வெப்பநிலையைப் படிக்கிறது. 1970 களில் வெர்னான் துவோராக் என்ற அமெரிக்க வானிலை அறிஞர், மேகத்தின் வடிவத்திலிருந்தே காற்றின் வேகத்தைக் கணிக்கும் முறையை உருவாக்கினார். மேகப் பட்டை மையத்தை எவ்வளவு தூரம் சுற்றி வளைத்திருக்கிறது, நடுவில் கண் தெரிகிறதா, கண்ணைச் சுற்றிய மேகம் எவ்வளவு குளிர்ந்து உயர்ந்திருக்கிறது என்பவற்றைப் பார்த்து 1 முதல் 8 வரை ஓர் எண் தரப்படுகிறது. 2.5 என்றால் புயல், 4.0 என்றால் அதிதீவிரப் புயல். நாடி பிடித்துக் காய்ச்சலைச் சொல்லும் வைத்தியரைப் போன்றது இம்முறை. அனுபவம் மிகுந்தவர் சொன்னால் பெரும்பாலும் சரியாக இருக்கும். எனினும் அது மதிப்பீடுதான், நேரடி அளவை அன்று.

புயல் கரையை நெருங்கும்போது டாப்ளர் ரேடார் துணைக்கு வருகிறது. மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் அலைகளைக் கொண்டு, அந்தத் துளிகள் எவ்வளவு வேகத்தில் நெருங்குகின்றன அல்லது விலகுகின்றன என்பதை அது காட்டும். கஜாவைச் சென்னை, காரைக்கால் ரேடார்கள் பின்தொடர்ந்தன. அந்தக் கட்டத்தில் புயலின் மையம் எங்கே என்பதில் பெரிய ஐயம் ஏதும் இருக்கவில்லை.

தொலைக்காட்சியில் கேட்கும் வேகத்தைப் பற்றி இரண்டு செய்திகளை நினைவில் கொள்ளலாம். ஒன்று, இந்தியா 3 நிமிடச் சராசரியைச் சொல்கிறது. அமெரிக்கா 1 நிமிடச் சராசரியைச் சொல்கிறது. எனவே ஒரே புயலுக்கு இரண்டு இணையதளங்களில் இரண்டு எண்கள் இருந்தால் யாரோ பொய் சொல்கிறார்கள் என்று பொருளில்லை. மற்றொன்று, காற்றின் வேகம் இரு மடங்கானால் அது சுவரின் மீது செலுத்தும் அழுத்தம் நான்கு மடங்காகிறது. 60 கிலோமீட்டர் காற்றில் தாக்குப்பிடித்த கீற்றுக் கூரை 120 கிலோமீட்டர் காற்றில் நிற்கும் என்று எதிர்பார்க்க எந்த நியாயமும் இல்லை.

பாதையைக் கணிக்கும் முறை

புயல் தானாகப் போகும் திசையைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆற்றில் விழுந்த தேங்காயை ஆறு இழுத்துச் செல்வதுபோல, சுற்றியுள்ள வளிமண்டலத்தின் பெருங்காற்றோட்டம் அதை இழுத்துச் செல்கிறது. தரைமட்டக் காற்றைவிட, சில கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்றே இதில் முதன்மையானது. வடக்கே உயர் அழுத்தப் பகுதி வலுவாக இருந்தால், அது வரப்பைப்போல் நின்று புயலை வடக்கே ஏறவிடாமல் மேற்கு நோக்கித் தள்ளும். அந்த வரப்பில் உடைப்பு ஏற்பட்டால் புயல் வடக்கே திரும்பி ஆந்திரம், ஒடிசா, வங்காளம் என்று போய்விடும். இரண்டு உயர் அழுத்தப் பகுதிகள் இரு புறமும் சம வலுவுடன் இழுத்தால், புயல் எங்கும் போகாமல் நின்ற இடத்திலேயே சுற்றும்.

கஜாவின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நவம்பர் 10 அன்று தென்கிழக்கு வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக உருவாகி, 11 அன்று புயலாயிற்று. அப்போதைய அறிக்கை, கடலூருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் இடையே அது கரையைக் கடக்கும் என்றது. சென்னையும் அந்த எல்லைக்குள் இருந்ததால் ஊடகங்கள் சென்னையைச் சுற்றியே நின்றன. பின்னர் புயல் நடுக்கடலில் வேகம் குறைந்து தடுமாறியது. அதன் வடக்கே இருந்த உயர் அழுத்தப் பகுதியின் பிடியில் சிக்கி மேற்கு-தென்மேற்காகத் திரும்பியது. 13 ஆம் தேதிய அறிக்கை கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே என்று மாற்றிச் சொன்னது. நாகை அந்த எல்லையின் நடுவில் இருந்தது. இறுதியில் நடந்ததும் அதுவே.

இந்தக் கணிப்புகள் கணினி மாதிரிகளிலிருந்து பிறக்கின்றன. இன்றைய வளிமண்டலத்தின் நிலையை உள்ளீடாகக் கொடுத்து, இயற்பியல் சமன்பாடுகளின் வழியே நாளைய நிலையைக் கணக்கிடுகிறார்கள். கடலின் மேல் அளவைகள் குறைவென்பதால் தொடக்க நிலையிலேயே சிறு பிழை இருக்கும். நாள் செல்லச் செல்ல அந்தப் பிழை பெருகும். அதனால் தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி அதே கணக்கைப் பலமுறை போட்டுப் பார்க்கிறார்கள். பெரும்பாலான விடைகள் ஓரிடத்தில் குவிந்தால் நம்பிக்கை கூடும், சிதறினால் குறையும். பல நாடுகளின் மாதிரிகளையும் ஒப்பிட்டு, வானிலையாளர் ஒருவர் இறுதிக் கோட்டை வரைகிறார்.

கூம்பை எப்படிப் படிப்பது?

புயல் வரைபடத்தில் ஒரு கோடும் அதைச் சுற்றி விரிந்துகொண்டே போகும் கூம்பும் இருக்கும். 2009 முதல் இந்திய வானிலை ஆய்வுத் துறை இதை வெளியிடுகிறது. இந்தக் கூம்பைப் பெரும்பாலோர் தவறாகவே படிக்கிறோம்.

கூம்பு என்பது பாதிப்புக்குள்ளாகும் நிலப்பரப்பு அன்று. புயலின் மையம் எங்கெல்லாம் இருக்கக்கூடும் என்பதை, கடந்த ஆண்டுகளின் சராசரிப் பிழையை வைத்து அது காட்டுகிறது. மையம் ஒரு புள்ளி. புயலோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலமுள்ளது. எனவே கூம்புக்கு வெளியே உள்ள ஊரிலும் கூரை பறக்கலாம், ஏரி உடையலாம். கூம்பின் நடுக்கோட்டை மட்டும் பார்த்து “நம்ம ஊருக்கு இல்லை” என்று ஆறுதல் கொள்வது ஆபத்தானது. 24 மணி நேரத்துக்கு முன் சொல்லப்படும் இடத்தில் சராசரிப் பிழை இப்போது 100 கிலோமீட்டருக்கும் குறைந்துள்ளது. பெரும் சாதனைதான். எனினும் 80 கிலோமீட்டர் பிழை என்றால் நாகை என்று சொன்னது கடலூர் பக்கம் போகலாம் என்று பொருள்.

புயலின் இரு பக்கங்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதும் முதன்மையானது. கிழக்குக் கடற்கரையை நோக்கி மேற்காக வரும் புயலில், மையத்துக்கு வடக்கே காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும். சுழற்சியின் வேகமும் புயல் நகரும் வேகமும் அங்கே ஒன்றுசேர்கின்றன. ஆகையால் பொதுவாகக் கடல்நீர் உட்புகுவது வடக்குப் பகுதியில்தான் மிகுதி. கரையின் வளைவும் கடலின் ஆழமும் இதை மாற்றக்கூடும் என்பதால், எந்தக் கடலோரத்தில் எவ்வளவு உயரத்துக்கு நீர் ஏறும் என்பதைத் தனியே கணக்கிட்டு அறிவிக்கிறார்கள். அறிக்கையில் காற்றின் வேகத்தை மட்டும் பார்க்காமல் அந்த வரியையும் தேடிப் படிக்க வேண்டும்.

எண்கள் சொல்லாதவை

பாதைக் கணிப்பு முன்னேறிய அளவுக்கு வலிமைக் கணிப்பு முன்னேறவில்லை. பாதையைத் தீர்மானிப்பவை பெரிய காற்றோட்டங்கள்; வலிமையைத் தீர்மானிப்பவை புயலின் உள்ளே, சில கிலோமீட்டர் பரப்பில் நடக்கும் மாற்றங்கள். 24 மணி நேரத்தில் காற்றின் வேகம் மணிக்கு 55 கிலோமீட்டர் அளவுக்குக் கூடுவதை விரைவான தீவிரமாதல் என்கிறார்கள். அது எப்போது நிகழும் என்பதை முன்கூட்டிச் சொல்வதே இத்துறையின் கடினமான சிக்கல். ஒக்கி 2017 நவம்பர் 29 அன்று காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 30 காலையில் குமரிக் கடலில் புயல். ஆழ்கடலுக்குப் பல நாட்கள் முன்பே சென்றிருந்த மீனவர்களுக்கு, கரையில் ஒலித்த எச்சரிக்கை எட்டவேயில்லை. தமிழகமும் கேரளமும் நூற்றுக்கணக்கானோரை இழந்தன.

இன்னொரு குறை, காற்றின் வேகத்தை வைத்துச் சூட்டப்படும் பெயர் மழையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல், வகைப்பாட்டில் வெறும் ‘புயல்’தான், தீவிரப் புயல்கூட இல்லை. ஆனால் அது நகராமல் நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் கரையைக் கடந்தது ஆந்திரத்தின் பாபட்லா அருகே, மூழ்கியது சென்னை. மெதுவாக நகரும் சிறிய புயல், விரைந்து ஓடும் பெரிய புயலைவிடக் கொடியதாக இருக்கலாம். தாழ்வான நிலத்தில் வாழ்பவர்களுக்குக் காற்றின் எண்ணைவிட மழையின் எண்ணே உயிர்நாடி.

தாழ்வான நிலத்தில் வாழ்பவர்கள் யார்? இந்தக் கேள்விக்குச் செயற்கைக்கோள் விடை சொல்லாது, சாதி சொல்லும். காவிரிப் படுகையில் மேட்டுநிலத்தில் ஊர் இருக்கும். வாய்க்காலுக்கு அப்பால், வடிகாலின் ஓரத்தில், தண்ணீர் கடைசியாக வடியும் இடத்தில் சேரி இருக்கும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. திருவாரூரில் 34, நாகப்பட்டினத்தில் 31 விழுக்காட்டுக்கும் மேல். புயல்கள் அடிக்கடி கரையேறும் இந்தப் படுகையில் ஒவ்வொரு மூன்று பேரிலும் ஏறத்தாழ ஒருவர் தலித். அவர்களில் பெரும்பாலோர் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்பவர்கள். புயலின் பாதை யாரையும் சாதி பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை. யார் எங்கே, எத்தகைய கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பதைச் சாதி முன்பே தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறது.

புயலுக்குப் பிந்தைய கணக்கும் அப்படித்தான். கஜாவுக்குப் பிறகு தமிழக அரசு அறிவித்த நிவாரணத்தில், விழுந்த ஒரு தென்னைக்கு 600 ரூபாயும் அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் கிடைத்தன. ஒரு ஹெக்டேருக்கு 175 மரங்கள் என்று கணக்கிட்டால் 1,92,500 ரூபாய். முற்றிலும் இடிந்த குடிசைக்கு 10,000 ரூபாய். பகுதி இடிந்தால் 4,100. தென்னை விவசாயிகள் இழந்தது ஒரு தலைமுறையின் உழைப்பு. அந்தத் தொகையும் அவர்களுக்குப் போதாது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதே தோப்பில் தேங்காய் உரித்தும் கீற்று முடைந்தும் பிழைத்தவருக்கு, புதிய கன்று காய்க்கும்வரை வேலை இல்லை. அந்த இழப்பை ‘சேதம்’ என்று எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. நான் எழுதிய மனுக்களில் பாதிக்கும் மேல் “கூலி இழப்பு” என்ற சொற்களில் முடிந்தன. அவற்றுக்குப் பதில் வந்ததாக நினைவில்லை.

எச்சரிக்கை நிற்கும் இடம்

எச்சரிக்கை நான்கு கட்டங்களாக வருகிறது. 72 மணி நேரத்துக்கு முன் முன்னறிவிப்பு. 48 மணி நேரத்துக்கு முன் உஷார்நிலை. 24 மணி நேரத்துக்கு முன் எச்சரிக்கை. 12 மணி நேரத்துக்கு முன், கரையைக் கடந்தபின் உள்நாட்டில் என்ன நிகழும் என்ற கணிப்பு. புயல் உருவானபின் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அறிக்கை வரும். கரையை நெருங்கும்போது மணிக்கு ஒருமுறை வரும். இவ்வளவும் டெல்லியிலிருந்து சென்னைக்கும், சென்னையிலிருந்து மாவட்ட ஆட்சியருக்கும், அங்கிருந்து வட்டாட்சியருக்கும், கிராம நிர்வாக அலுவலருக்கும் இறங்கிவருகிறது. அதன் பிறகு அது ‘ஊருக்கு’ச் சொல்லப்படுகிறது. ஊர் வேறு, சேரி வேறு என்ற நிலத்தில் அந்தச் சொல் எங்கே நிற்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

எச்சரிக்கையும் வெளியேற்றமும் உயிர்களைக் காக்கும் என்பதற்கு ஒடிசா சான்று. 1999 அக்டோபரின் சூப்பர் புயலில் அங்கே இறந்தோர் ஏறத்தாழ 10,000 பேர். 2013 இல் பைலின் வந்தபோது ஏறக்குறைய பத்து இலட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். இறந்தோர் எண்ணிக்கை சில பத்துகளில் நின்றது. உலகமே பாராட்டியது. அதே ஒடிசாவில் 2019 மே மாதம் ஃபானி புயலின்போது, பூரி மாவட்டத்தில் தலித் குடும்பங்களைப் புயல் காப்பிடத்துக்குள் ஆதிக்க சாதியினர் விடவில்லை என்றும், அவர்கள் மரத்தடியில் ஒதுங்க நேர்ந்தது என்றும் செய்திகள் வெளியாயின. பாதையும் சரியாகக் கணிக்கப்பட்டது; காப்பிடமும் கட்டப்பட்டிருந்தது; கதவில் சாதி நின்றது.

நாகை மாவட்டத்துக்கு இது புதிதன்று. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, முகாம்களிலும் குடிநீரிலும் நிவாரணப் பங்கீட்டிலும் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டதை உண்மை அறியும் குழுக்கள் பதிவு செய்தன. 2015 சென்னை வெள்ளம் வடிந்தபின் சேற்றையும் செத்த விலங்குகளையும் அகற்றப் பிற மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்கள் ஆயிரக்கணக்கில் கொண்டுவரப்பட்டார்கள். காப்பிடத்தில் கடைசி இடம், குப்பையில் முதல் இடம்.

நான் சந்தித்த மூதாட்டியின் சேரிக்கு அருகே முகாம் இல்லாமல் இல்லை. ஊர்ப் பள்ளிக்கூடம் முகாமாக அறிவிக்கப்பட்டிருந்தது. “அங்க போகலியாம்மா?” என்று கேட்டேன். “அவுங்க எல்லாம் உள்ள இருக்கையில நாம எப்புடித் தம்பி போயிப் படுக்குறது?” என்றார். அந்த இரவு அவரை யாரும் தடுத்து நிறுத்தவில்லை. தடுக்க வேண்டிய தேவையே எழவில்லை. வாழ்நாள் முழுதும் கற்றுக்கொடுக்கப்பட்ட எல்லையை 130 கிலோமீட்டர் காற்றாலும் தகர்க்க முடியவில்லை. அரசின் பதிவேட்டில் அது ‘முகாமுக்கு வர மறுத்தோர்’ என்ற வரியில் சேரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005 இன் 61 ஆம் பிரிவு, இழப்பீடும் நிவாரணமும் வழங்குகையில் பாலினம், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது. தெளிவான சொற்கள். ஆனால் மீறினால் தண்டனை என்ன என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. எனவே அதைத் தனியே பிடித்துக்கொண்டு நிற்பது போதாது.

அதனோடு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை இணைத்துப் படிக்க வேண்டும். 2015 திருத்தத்தின்படி, பொது நீர்நிலை, குழாய், பாதை, பள்ளி, மருத்துவமனை, பிற பொது இடங்கள் ஆகியவற்றைப் பயன்படுத்தவிடாமல் பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ தடுப்பது 3(1) பிரிவின் கீழ் தண்டனைக்குரிய குற்றம். முகாமாக அறிவிக்கப்பட்ட பள்ளி பொது இடமே. அங்கு நுழையவிடாமல் தடுத்தால் அது ‘புயல் நேரத்துச் சச்சரவு’ அன்று, வன்கொடுமை. அரசியலமைப்பின் 17 ஆம் உறுப்பு தடைசெய்த தீண்டாமை, புயல் எச்சரிக்கைக் காலத்தில் மட்டும் விடுமுறையில் செல்வதில்லை.

பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு, முன்னெச்சரிக்கை மக்களைச் சென்றடையும் ஏற்பாட்டை அமைத்துப் பராமரிக்கும் கடமையை மாவட்ட ஆணையத்தின் மீது வைக்கிறது. 31 ஆம் பிரிவின்படி ஒவ்வொரு மாவட்டத் திட்டத்திலும் பேரிடருக்கு எளிதில் இலக்காகும் பகுதிகள் குறிப்பிடப்பட வேண்டும். 12 ஆம் பிரிவு தங்குமிடம், உணவு, குடிநீர், மருத்துவம், சுகாதாரம் ஆகியவற்றின் குறைந்தபட்சத் தரத்தைப் பற்றியது. 2021 இல் கொரோனா இறப்புகளுக்கான கருணைத்தொகை குறித்த கௌரவ் குமார் பன்சல் வழக்கில், அந்தப் பிரிவு வெறும் அறிவுரை அன்று, சட்டக் கடமை என்ற நிலைப்பாட்டை உச்ச நீதிமன்றம் எடுத்தது. பேரிடர் வழக்குகளில் இத்தீர்ப்பு நமக்கு வலுவான கருவி.

இலவசச் சட்ட உதவி பற்றியும் சொல்ல வேண்டும். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987 இன் 12 ஆம் பிரிவின் கீழ் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பேரிடரால் பாதிக்கப்பட்டோரும் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். வட்ட அளவிலேயே இதற்கான குழுக்கள் உண்டு. நிவாரணப் பட்டியலில் பெயர் விடுபட்டவர் வழக்கறிஞருக்குப் பணம் தேட வேண்டியதில்லை.

புயலுக்கு முன் செய்ய வேண்டியவை

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பே தொடங்க வேண்டிய வேலைகள் இவை. கல்லூரி மாணவர்கள் நினைத்தால் ஒரு வட்டம் முழுவதையும் செய்து முடிக்கலாம்.

முதலாவது, வரைபடம். மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் எளிதில் பாதிக்கப்படும் பகுதிகளின் பட்டியலையும் முகாம்களின் பட்டியலையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். அதன் அருகில் உங்கள் வட்டத்தின் சேரிகளையும் இருளர், நரிக்குறவர் குடியிருப்புகளையும் எழுதுங்கள். எவை விடுபட்டுள்ளன, ஒவ்வொன்றிலிருந்தும் முகாம் எவ்வளவு தூரம், இடையில் எந்த வாய்க்கால் என்பது ஒரே தாளில் தெரிந்துவிடும். அந்தத் தாளை மனுவாக ஆட்சியரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கி வையுங்கள். புயலுக்குப் பின் நீதிமன்றத்தில் “எங்களுக்குத் தெரியாது” என்ற பதிலுக்கு அந்த ஒப்புகையே மறுமொழி.

இரண்டாவது, முகாம். ஊர்ப் பள்ளியில் இடம் உண்டு என்று சொல்வது ஏற்பாடு ஆகாது. சேரிக்குள்ளேயோ, சேரி மக்கள் தயக்கமின்றிச் செல்லக்கூடிய பொது இடத்திலோ உறுதியான கட்டடம் வேண்டும் என்று கேட்க வேண்டும். அதே வேளையில் ஊர்ப் பள்ளியில் நுழையும் உரிமையையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. தனி முகாம் என்பது நிரந்தரப் பிரிவினையாக மாறிவிடாமல் பார்த்துக்கொள்வதும் நம் பொறுப்பு.

மூன்றாவது, செய்தி. ஒவ்வொரு சேரியிலும் அறிக்கையைப் படித்துச் சொல்ல இருவர் போதும். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். காற்றின் வேகம், மழையின் அளவு, கடல்நீர் ஏறும் உயரம், கரையைக் கடக்கும் நேரம், போக வேண்டிய இடம் ஆகிய ஐந்தையும் அவர்கள் சொல்ல வேண்டும். வதந்திகளைத் தள்ளி, வானிலைத் துறையின் அறிக்கையை மட்டும் நம்பப் பழக வேண்டும்.

நான்காவது, சான்று. வீட்டின் முன்நின்று இன்றே ஒரு படம் எடுத்து வையுங்கள். குடும்ப அட்டை, பட்டா இருந்தால் பட்டா, இல்லையேல் வீட்டுவரி ரசீதோ மின்கட்டண அட்டையோ, இவற்றின் படிகளை ஊருக்கு வெளியே ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். பட்டா இல்லாத குடிசைக்கு நிவாரணம் மறுக்கப்படுவதை அதிகம் பார்த்திருக்கிறேன். மறுக்கப்பட்டால் எழுத்துபூர்வமான காரணம் கேளுங்கள்.

துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளை நாம் அறிவோம். ஒன்றாம் எண் தொலைவில் புயல் உருவாகக்கூடிய நிலையைக் குறிக்கும். எட்டு, ஒன்பது, பத்து ஆகியவை பெரும் ஆபத்தைக் குறிக்கும். பத்துக்கு மேலும் ஓர் எண் உண்டு, அது பதினொன்று. அதற்குப் பொருள், வானிலை மையத்துடனான தொடர்பு அறுந்துவிட்டது என்பது. இனி என்ன வரும் என்று சொல்ல யாரும் இல்லாத நிலையை எல்லாவற்றிலும் பேராபத்தாகக் கருதி, பட்டியலின் கடைசியில் வைத்திருக்கிறார்கள்.

துறைமுகத்தில் அந்தக் கூண்டு ஏறுவது அரிது. நம் சேரிகளில் அது இறக்கப்பட்டதே இல்லை. அடுத்த பருவமழைக்கு முன் அதை இறக்கும் வேலையைத் தொடங்குவோம்.